கழுத்தில் மாலை விழுமுன்: பணி ஓய்வுக்கு ஆயத்தமாக ஒரு முழுமையான வழிகாட்டி

மேலூருக்கு உள்ளே தள்ளியிருக்கும் ஒரு கிராமத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து, ஒரு பெண் என் மேசைக்கு எதிரே உட்கார்ந்தார். மடியில் மஞ்சள் பை. கணவர் பள்ளியில் ஆய்வக உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற 14-ஆவது மாதத்தில் மாரடைப்பில் போய்விட்டார். பையிலிருந்து ரேஷன் அட்டை, ஆதார், இறப்புச் சான்றிதழ், பழைய சம்பளச் சீட்டுகள் எல்லாம் வெளியே வந்தன. ஓய்வூதியக் கொடுப்பாணை, அதாவது இவருக்கு ஓய்வூதியம் கொடுங்கள் என்று சொல்லும் எண்ணிட்ட ஆணை (பி.பி.ஓ.), மட்டும் வரவில்லை. அதன் எண்ணும் அவருக்குத் தெரியவில்லை. அவர் எல்லாவற்றையும் பத்திரமாகத்தான் வைத்திருப்பார், எங்கே என்றுதான் தெரியவில்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

மதுரையில் கல்வித் துறை அலுவலகம் ஒன்றில் 31 ஆண்டுகள் வேலை பார்த்தேன். அதில் பாதிக்கு மேல் ஓய்வூதியக் கருத்துரு, அதாவது ஓய்வூதியம் கேட்டு மேலிடத்துக்கு அனுப்பும் கோப்பு, தயாரிக்கும் இருக்கையில் கழிந்தது. அந்த மஞ்சள் பையைப் போல எத்தனையோ பைகள் என் மேசையில் பிரிந்திருக்கின்றன. அதனால்தான் 2023-இல் நான் ஓய்வு பெறுவதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே, ஒவ்வொரு தாளைத் தொடும்போதும் என் வீட்டுக்காரரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டேன். கீழே எழுதியிருப்பதை நீங்களும் அப்படித்தான் செய்ய வேண்டும். துணை இல்லாதவர்கள் மகளையோ தம்பியையோ நம்பிக்கையான ஒருவரையோ கூட வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் படி: பணிப்பதிவேட்டைக் கண்ணால் பாருங்கள் (மூன்று ஆண்டுகளுக்கு முன்)

தமிழக அரசுப் பணியில் ஓய்வு வயது 2020-இல் 58-லிருந்து 59 ஆகவும், 2021-இல் 60 ஆகவும் உயர்ந்தது. 60 நிறைவடையும் மாதத்தின் கடைசி நாளில் ஓய்வு. ஒன்றாம் தேதி பிறந்தவர்களுக்கு மட்டும் முந்தைய மாதத்தின் கடைசி நாள். இந்த ஒரு நாள் வித்தியாசம் தெரியாமல், மண்டபத்துக்கு முன்பணம் கட்டிவிட்டுப் பிறகு தேதி மாற்றியவர்களை எனக்குத் தெரியும்.

தேதியை உறுதிசெய்ததும், உங்கள் வேலை விவரம் முழுவதும் பதிவாகும் பணிப்பதிவேட்டை (எஸ்.ஆர்.) பார்வையிட எழுத்து மூலம் அனுமதி கேளுங்கள். அது உங்கள் உரிமை. பக்கம் பக்கமாக, அவசரமில்லாமல் பாருங்கள். முதல் நியமன ஆணை, பணிவரன்முறை ஆணை, தகுதிகாண் பருவம் முடித்த ஆணை, ஒவ்வொரு ஊதியக் குழுவின்போதும் செய்த ஊதிய நிர்ணயம், ஆண்டு ஊதிய உயர்வுகள், ஊதியமில்லா விடுப்பு, ஒவ்வோர் ஆண்டுக்கும் பணி சரிபார்ப்புச் சான்று ஆகியவற்றில் எதில் கையொப்பம் விடுபட்டிருந்தாலும் குறித்துக்கொள்ளுங்கள். பல ஊர்களுக்கு மாறுதலாகிப் போனவர்களுக்குத்தான் இதில் அதிக ஓட்டைகள் இருக்கும். உசிலம்பட்டியில் இரண்டு ஆண்டு, வாடிப்பட்டியில் நான்கு ஆண்டு என்று இருந்துவிட்டு வருவார்கள். நடுவில் ஓர் ஆண்டின் சரிபார்ப்புச் சான்று எந்த அலுவலகத்திலும் போட்டிருக்க மாட்டார்கள். அதைத் தேடி வாங்க, அந்தக் காலத்துச் சம்பளப் பட்டியல் நகல் தேவைப்படும். மூன்று ஆண்டுகள் இருந்தால் அமைதியாகச் செய்யலாம். மூன்று மாதம் இருந்தால் அலைச்சல்தான்.

ஊதிய நிர்ணயத்தில் தவறு இருந்தால் இப்போதே வெளியே வரட்டும். கடைசி மாதத்தில் தணிக்கையில் ஆட்சேபம் வந்து, 20 ஆண்டுகளுக்கு முன் கூடுதலாகக் கொடுத்துவிட்டோம் என்று பணிக்கொடையில் (கிராஜுவிட்டியில்) பிடிக்கப் பார்ப்பார்கள். அப்படி நேர்ந்தால் ஒரு தீர்ப்பு துணைக்கு இருக்கிறது. பஞ்சாப் மாநிலம் எதிர் ரஃபீக் மாசி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2014 டிசம்பரில் சொன்னது இது: ஊழியர் தவறேதும் செய்யாமல், அலுவலகத்தின் பிழையால் கூடுதல் ஊதியம் போயிருந்தால், அதைக் கீழ்நிலைப் பிரிவு ஊழியர்களிடமும், ஓய்வு பெற்றவர்களிடமும், ஓராண்டுக்குள் ஓய்வு பெறப்போகிறவர்களிடமும் பிடித்தம் செய்யக் கூடாது. இதன் நகலை உங்கள் கோப்பில் வைத்திருங்கள்.

இனி, பெண்களுக்குத் தனியாக ஒன்று. நம் ஊரில் வேலைக்குச் சேரும்போது அப்பாவின் தலைப்பெழுத்து. திருமணத்துக்குப் பிறகு எடுத்த ரேஷன் அட்டை, ஆதார், வங்கிக் கணக்கு எல்லாவற்றிலும் கணவரின் தலைப்பெழுத்து. 30 ஆண்டுகள் யாரும் ஒன்றும் கேட்பதில்லை. ஓய்வூதியம் வரவு வைக்கும் அன்றுதான் பெயர் பொருந்தவில்லை என்று பணம் திரும்பிப் போகிறது. ஊருக்கெல்லாம் கருத்துரு தயாரித்த எனக்கே, வங்கி ஒன்றில் இந்தக் காரணத்தால் நான்கு மாதம் பணம் வராமல் நின்றது. பணிப்பதிவேடு, ஆதார், பான் அட்டை, வங்கிப் புத்தகம் நான்கையும் மேசையில் பரப்பி, எழுத்துக்கு எழுத்து ஒத்துப் பாருங்கள். ஆதாரையும் வங்கிக் கணக்கையும் பணிப்பதிவேட்டுக்கு ஏற்ப மாற்றுவது எளிது. பணிப்பதிவேட்டையே மாற்ற வேண்டுமானால் அரசிதழில் பெயர் மாற்றம் வெளியாக வேண்டும். அதற்கு மாதங்கள் பிடிக்கும். உங்கள் துணையின் பெயரையும் இதே போலச் சரிபாருங்கள். குடும்ப ஓய்வூதியம் அந்தப் பெயருக்குத்தான் வரப்போகிறது.

2003 ஏப்ரல் 1 முதல் பணியில் சேர்ந்தவர்கள் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்துக்குள் வந்தவர்கள். அவர்கள் ஆண்டுக் கணக்குத் தாளில் எந்தெந்த மாதத்துச் சந்தா வரவாகவில்லை என்று பார்த்து, விடுபட்ட வரவைச் சேர்க்கச் சொல்லி மனு கொடுக்க வேண்டும். தங்கள் திட்டம் குறித்து அரசு புதிதாக வெளியிடும் ஆணைகளின் நகலையும் உடனுக்குடன் கோப்பில் சேர்த்துவிடுங்கள்.

இரண்டாம் படி: மில்லிலும் கம்பெனியிலும் வேலை பார்ப்பவர்களுக்கு

மதுரை மில்களை நம்பி வளர்ந்த ஊர். என் அப்பா மில் தொழிலாளி. அவர் காலத்தில் ஓய்வு என்றால் கையில் ஒரு தொகையும் ஒரு சுவர்க் கடிகாரமும்தான். இப்போது நிலைமை கொஞ்சம் மேல். ஆனால் கணக்கை நீங்கள்தான் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

வருங்கால வைப்பு நிதியோடு (பி.எஃப்.) சேர்ந்த தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தில் 10 ஆண்டுகள் பணிக்காலம் இருந்தால் 58 வயதில் மாத ஓய்வூதியம் கிடைக்கும். ஓய்வூதியத்துக்கான ஊதியத்தைப் பணி ஆண்டுகளால் பெருக்கி 70-ஆல் வகுத்தால் வருவது மாதத் தொகை. பெரும்பாலோருக்கு ஊதிய உச்சவரம்பு 15,000 ரூபாய். 2014 செப்டம்பர் 1-க்கு முந்தைய பணிக்காலத்துக்கு 6,500 ரூபாய் வரம்பில் கணக்கிடுவார்கள். அதனால் நேராக 15,000-ஐப் போட்டுப் பெருக்கி மனக்கோட்டை கட்டாதீர்கள். 20 ஆண்டுகள் முடித்தவர்களுக்கு இரண்டு ஆண்டுகள் சேர்த்துக் கணக்கிடுவார்கள். 58-க்கு முன்பே கேட்டால் ஆண்டுக்கு 4 சதவீதம் குறையும். 60 வரை தள்ளிப்போட்டால் ஆண்டுக்கு 4 சதவீதம் கூடும். இந்த ஓய்வூதியத்துக்கு அகவிலைப்படி கிடையாது. இன்று நிர்ணயிக்கும் தொகையை வைத்துத்தான் பத்து ஆண்டுகளுக்குப் பிறகும் அரிசி வாங்க வேண்டும் என்பதை மனத்தில் வைத்துத் திட்டமிடுங்கள்.

வேலை மாறியபோதெல்லாம் பழைய கணக்கைப் புதியதோடு சேர்த்தீர்களா என்று பாருங்கள். முதல் கம்பெனியில் பார்த்த ஆறு ஆண்டும், இரண்டாவதில் பார்த்த ஐந்து ஆண்டும் தனித்தனியாகக் கிடந்தால் 10 ஆண்டு நிறைவாகாது. வேலையை விட்ட தேதி பதிவாகியிருக்கிறதா, ஆதார் இணைந்திருக்கிறதா, இணையத்தில் நியமனப் பதிவில் (நாமினி) மனைவி மக்கள் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். உறுப்பினர் இறந்தால் துணை ஓய்வூதியம் கேட்கும்போது அது உதவும். மதுரையில் வருங்கால வைப்பு நிதி அலுவலகம் லேடி டோக் கல்லூரிச் சாலையில் இருக்கிறது. கணினியில் தீராத சிக்கலுக்கு நேரில் போய் எழுதிக் கொடுத்து, ஒப்புகை வாங்குங்கள்.

பணிக்கொடைக் கணக்கு எளிது. கடைசி மாத அடிப்படை ஊதியமும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகை, பெருக்கல் 15, பெருக்கல் பணி ஆண்டுகள், வகுத்தல் 26. கடைசி ஊதியம் 24,000, பணிக்காலம் 28 ஆண்டுகள் என்றால் 3,87,692 ரூபாய். நீங்களே போட்டு வைத்துக்கொண்டால் கணக்குப் பிரிவில் தரும் எண்ணை ஒத்துப் பார்க்கலாம்.

மூன்றாம் படி: செய்முறை நோட்டை எடுங்கள் (இரண்டு ஆண்டுகளுக்கு முன்)

ஓய்வுக்காலச் செலவுக்குப் பட்டியல் போடச் சொன்னால் பால், மளிகை, மின்கட்டணம், வீட்டு வரி, மருந்து என்று எழுதுவார்கள். மதுரைப் பக்கத்துக் குடும்பத்தில் அந்தப் பட்டியல் பாதிதான். மீதி, பீரோவுக்குள் இருக்கும் செய்முறை நோட்டில் இருக்கிறது.

உங்கள் மகள் கல்யாணத்துக்கு, பேத்தியின் காதணி விழாவுக்கு, வீடு குடிபுகுந்தபோது யார் யார் எவ்வளவு செய்தார்கள் என்று எழுதி வைத்திருக்கிறீர்கள். அத்தனையும் திருப்பிச் செய்ய வேண்டியவை. சம்பளம் வந்தபோது ஒரு மாதத்துக்கு இரண்டு விசேஷம் என்றாலும் தெரியவில்லை. ஓய்வூதியத்தில் தெரியும். நானும் வீட்டுக்காரரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் உட்கார்ந்து எங்கள் நோட்டைக் கணக்கிட்டோம். இன்னும் 43 வீடுகளுக்குச் செய்ய வேண்டியிருந்தது. தொகை 1,86,000 ரூபாய். தங்கமாக வந்தவை தனி. இதில் என் தம்பி பிள்ளைகளுக்கு அத்தை முறையில் செய்ய வேண்டியதைச் சேர்க்கவில்லை. அவர் தன் தங்கை மகளுக்குச் செய்ய வேண்டிய தாய்மாமன் சீரையும் சேர்க்கவில்லை.

அன்றே மூன்று முடிவுகள் எடுத்தோம். கையில் சம்பளம் இருக்கும்போதே பெரிய பாக்கிகளைத் தீர்த்துவிடுவது. தாய்மாமன் சீருக்கென்று அஞ்சலகத்தில் ஒரு தொடர் வைப்புக் கணக்கு தொடங்குவது. ஓய்வுக்குப் பிறகு புதிதாக ஒரு விழா நடத்திப் பெரிய செய்முறை வாங்கிக்கொள்வதில்லை என்பது. மூன்றாவதில் சொந்தக்காரர்களுக்கு வருத்தம்தான். ஓய்வு பெற்ற கையோடு விழா வைத்தால் போட்டதையெல்லாம் திரும்ப எடுத்துவிடலாம் என்று நெருங்கியவர்களே சொன்னார்கள். எடுக்கலாம். எடுத்த ஒவ்வொன்றையும் வருமானம் குறைந்த காலத்தில் திருப்பிச் செய்ய வேண்டும் என்பதை நினைத்து நாங்கள் ஒதுங்கிக்கொண்டோம்.

60 வயதில் ஓய்வும் அறுபதாம் கல்யாணமும் ஒரே ஆண்டில் வந்து நிற்கின்றன. திருக்கடையூருக்குப் போகப் பிள்ளைகள் ஆசைப்படுவார்கள். போய் வாருங்கள், அது நல்ல நிறைவு. ஆனால் பணிக்கொடை வருவதற்கு முன்பே அதை நம்பி ஊரைக் கூட்டி பஸ் பிடிக்க வேண்டாம்.

மற்ற செலவுகளுக்கு ஒரு வழி சொல்கிறேன். ஓய்வுக்கு ஓராண்டுக்கு முன், எதிர்பார்க்கும் ஓய்வூதியத் தொகையை மட்டும் வைத்து மூன்று மாதம் குடும்பம் நடத்திப் பாருங்கள். மீதிச் சம்பளத்தைத் தொடாதீர்கள். எந்த வாரத்தில் மூச்சு முட்டுகிறது என்று நோட்டில் எழுதுங்கள். எங்களுக்கு அது மருந்துக் கடையிலும் கைப்பேசித் தவணையிலும் முட்டியது.

நான்காம் படி: மொத்தமாக வரும் பணம்

அரசு ஊழியருக்குப் பணிக்கொடை, பொது வருங்கால வைப்பு நிதி, 240 நாள் வரையிலான ஈட்டிய விடுப்புக்கான ஊதியம், ஓய்வூதியத்தின் ஒரு பகுதியைத் தொகுத்து வாங்கும் தொகை என்று சில மாதங்களுக்குள் அடுத்தடுத்து வரும். தொகுத்து வாங்குவது தமிழக அரசில் மூன்றில் ஒரு பங்கு வரை. அந்தப் பங்கு 15 ஆண்டுகளுக்கு மாத ஓய்வூதியத்தில் குறையும். பிறகு முழு ஓய்வூதியம் திரும்பும். ஓய்வு பெற்று ஓராண்டுக்குள் விண்ணப்பித்தால் மருத்துவப் பரிசோதனை கேட்க மாட்டார்கள். கடன் இருப்பவர்கள் தொகுத்து வாங்கி அடைப்பது சரி. கடனில்லாதவர்கள் எதற்கு வாங்குகிறோம் என்பதை முதலில் துணையோடு பேசி முடிவு செய்யுங்கள். எல்லோரும் வாங்குகிறார்கள் என்பதற்காக என்னிடம் கையெழுத்துப் போட்டவர்கள்தான் அதிகம்.

பணம் வந்த முதல் மூன்று மாதங்கள் அதை எங்கேயும் நகர்த்தாதீர்கள். வங்கியிலேயே இருக்கட்டும். அந்த மூன்று மாதத்தில்தான் உங்கள் வீட்டு வாசலுக்கு ஆட்கள் வருவார்கள். நான்கு வழிச்சாலையோரம் மனை, மாதம் இரண்டு சதவீதம் வட்டி, தெரிந்தவர் மருமகன் நடத்தும் நிதி நிறுவனம். மாதம் இரண்டு என்றால் ஆண்டுக்கு 24 சதவீதம். அரசே மூத்த குடிமக்களுக்கு அதில் மூன்றில் ஒரு பங்குதான் தருகிறது என்றால், மீதியை அவர்கள் எங்கிருந்து கொண்டுவருவார்கள் என்று கேளுங்கள். நான் கருத்துரு எழுதிக் கொடுத்த ஓர் ஆசிரியர் தம்பதி 18 லட்சத்தை இப்படிக் கொடுத்துவிட்டுப் பொருளாதாரக் குற்றப் பிரிவுக்கு நடந்தார்கள். முதலீட்டாளர் நலப் பாதுகாப்புக்கு 1997-இல் தமிழகம் தனிச் சட்டமே கொண்டுவந்தது. மதுரையில் அதற்குத் தனி நீதிமன்றமும் இருக்கிறது. அப்படி ஒரு நீதிமன்றம் இந்த ஊருக்குத் தேவைப்படுகிறது என்பதே போதுமான எச்சரிக்கை.

நான் செய்ததைச் சொல்கிறேன். ஆறு மாதச் செலவுக்கான தொகை சேமிப்புக் கணக்கில். அடுத்து அஞ்சலகத்தின் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம். ஒருவருக்கு 30 லட்சம் வரை போடலாம். 2023 ஏப்ரலில் வட்டி 8.2 சதவீதம் ஆனது. நீங்கள் போடும் நாளில் உள்ள வட்டியே ஐந்து ஆண்டுகளுக்கும். 8.2 சதவீதத்தில் ஒரு லட்சத்துக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை 2,050 ரூபாய் வரும். 30 லட்சத்துக்கு 61,500. ஏப்ரல், ஜூலை, அக்டோபர், ஜனவரி முதல் தேதிகளில் வரவாகும். 55 முதல் 60 வயதுக்குள் ஓய்வு பெற்றவர்களும் பணப்பயன் கைக்கு வந்த மூன்று மாதத்துக்குள் இதில் சேரலாம். இடைப்பட்ட மாதங்களுக்கு அஞ்சலக மாத வருமானத் திட்டம் இருக்கிறது. தனியாக 9 லட்சம், இருவர் சேர்ந்து 15 லட்சம்.

வங்கி வைப்புக்கு, ஒரு வங்கியில் ஒருவருக்கு அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் வரைதான் காப்பீடு. ஒரே கூட்டுறவு வங்கியில் எல்லாவற்றையும் போட வேண்டாம். கணக்குகள் அனைத்திலும் துணையின் பெயர் இருக்க வேண்டும். இருவரில் எவரும் எடுக்கலாம் என்ற முறையில் இருந்தால் மருத்துவமனையில் ஒருவர் படுத்திருக்கும்போது மற்றவர் கை கட்டிப்போடப்படாது.

பிள்ளைகள் கேட்டால்? கேட்பார்கள். சென்னையில் வீடு, பெங்களூரில் வீடு, பேரனுக்குப் படிப்பு. எவ்வளவு கொடுப்பது என்பதைப் பிள்ளைகள் வாய் திறப்பதற்கு முன் நீங்கள் இருவரும் பேசி எழுதி வைத்துவிடுங்கள். கொடுத்தால் மனமாரக் கொடுங்கள், திரும்பி வரும் என்று எண்ணாமல். ஜாமீன் கையெழுத்து மட்டும் யாருக்கும் போடாதீர்கள். உடன் வேலை பார்த்தவர்களுக்குப் போட்ட பழைய ஜாமீன் ஏதேனும் நிலுவையில் இருந்தால், அவர்களைக் கூப்பிட்டு ஓய்வுக்கு முன் அடைக்கச் சொல்லுங்கள். இதைக் கேட்கக் கூச்சப்பட்டுச் சீரழிந்தவர்கள் இருக்கிறார்கள்.

ஐந்தாம் படி: உடம்பு

வேலையில் இருக்கும்போதே கண், பல், சர்க்கரை, இரத்த அழுத்தம், முழங்கால் எல்லாவற்றையும் பார்த்துவிடுங்கள். இருவருக்கும். அலுவலகம் போகும் ஒருவர் மட்டும் பரிசோதனை செய்துகொண்டு, வீட்டில் இருப்பவர் எனக்கு ஒன்றுமில்லை என்று சொல்லிக்கொண்டே பத்து ஆண்டுகள் ஓட்டியிருப்பார்.

தனியார் கம்பெனியின் குழுக் காப்பீடு பெரும்பாலும் கடைசி வேலை நாளோடு முடிந்துவிடும். சொந்தக் காப்பீட்டை மூன்று ஆண்டுகளுக்கு முன்பே எடுத்தால், ஏற்கெனவே இருக்கும் நோய்களுக்கான காத்திருப்புக் காலம் ஓய்வுக்குள் கழிந்துவிடும். அந்தக் காலம் அதிகபட்சம் மூன்று ஆண்டுகள் என்று 2024-இல் விதி மாறியது. சர்க்கரையை மறைத்து விண்ணப்பம் போடாதீர்கள். தமிழக அரசு ஓய்வூதியர்களுக்குத் தனிக் காப்பீட்டுத் திட்டம் உண்டு. அட்டையில் துணையின் பெயரும் வயதும் சரியாக இருக்கின்றனவா என்று வாங்கிய அன்றே பாருங்கள். 70 வயது நிறைந்தவர்களுக்கு வருமானம் பாராமல் 5 லட்சம் வரை மருத்துவக் காப்பு தரும் மத்திய அரசுத் திட்டம் 2024 அக்டோபரில் வந்தது. வீட்டில் உங்கள் பெற்றோர் இருந்தால் அவர்களுக்கு இப்போதே பதிவு செய்யுங்கள்.

குளியலறையில் கைப்பிடிக் கம்பி, வழுக்காத தரை, உட்காரும் கழிப்பறை. பணிக்கொடையில் மாடி எடுத்து வாடகைக்கு விடுவதற்கு முன் இந்த மூன்றும் முடியட்டும்.

ஆறாம் படி: பத்திரம், பட்டா, உயில்

நம் பக்கத்தில் பாதி வீடுகளின் பட்டா இன்னும் தாத்தா பெயரில்தான் இருக்கிறது. வில்லங்கச் சான்றிதழை இணையத்திலேயே பார்க்கலாம். பட்டா மாறுதலை உடம்பில் தெம்பு இருக்கும்போது முடியுங்கள். தாலுகா அலுவலகப் படியேற இரண்டு கால் வேண்டும்.

வங்கியிலும் அஞ்சலகத்திலும் நியமனம் செய்திருந்தால் எல்லாம் முடிந்தது என்று நினைக்கிறார்கள். நியமிக்கப்பட்டவர் பணத்தைப் பெற்றுக்கொள்ள உரியவர், உரிமை வாரிசுகளுக்கு. ஆகவே உயில் எழுதுங்கள். வெள்ளைத் தாளில் எழுதினாலும் செல்லும். இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்திட வேண்டும். சொத்துப் பெறுகிறவர் சாட்சியாக வேண்டாம். பதிவு கட்டாயமில்லை என்றாலும், சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிட்டால் பின்னாளில் வாதம் குறையும். எப்போது வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம்.

உயிரோடு இருக்கும்போதே சொத்தை எழுதிக் கொடுக்கும் தான செட்டில்மென்ட் அப்படி இல்லை. எழுதிக் கொடுத்துவிட்டால் திரும்ப வாங்குவது கடினம். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-இன் 23-ஆம் பிரிவு ஒரு வழி தருகிறது: பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்திருந்து, பராமரிக்காவிட்டால், கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் அந்தப் பத்திரத்தை ரத்துசெய்யக் கேட்கலாம். அதனால் எழுதுவதென்றால் அந்த நிபந்தனையைப் பத்திரத்தில் தெளிவாக எழுதச் சொல்லுங்கள். இருக்கும் ஒரே வீட்டை நீங்கள் இருவரும் உயிரோடு இருக்கும்வரை எழுதிக் கொடுக்கவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. மகன் தங்கமானவனாக இருந்தாலும்தான்.

ஏழாம் படி: கடைசி ஆறு மாதம்

ஓய்வூதியக் கருத்துரு ஆறு மாதத்துக்கு முன்பே சென்னை மாநிலக் கணக்காயர் அலுவலகத்துக்குப் போய்விட வேண்டும். போனதா என்று வாய்மொழியாகக் கேட்காமல், அனுப்பிய கடித எண்ணையும் தேதியையும் எழுதி வாங்குங்கள். கணவன் மனைவி சேர்ந்து எடுத்த புகைப்படத்தில் ஆறேழு பிரதிகள், மாதிரிக் கையொப்பம், அங்க அடையாளங்கள், வங்கிப் புத்தக நகல் எல்லாம் ஒரே உறையில் தயாராக இருக்கட்டும். நிலுவை இன்மைச் சான்று, கடைசி ஊதியச் சான்று, பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியல் மூன்றையும் கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள். உங்கள் பெயரில் இருக்கும் நூலகப் புத்தகத்திலிருந்து மேசைச் சாவி வரை பட்டியலிட்டு ஒப்படைத்துக் கையெழுத்து வாங்குங்கள்.

பணி நிறைவுப் பாராட்டு விழா நடக்கட்டும். மேடையில் துணையும் பக்கத்தில் உட்காரட்டும். 30 ஆண்டுகள் காலை எட்டு மணிக்கு டிபன் பாக்ஸ் கட்டியவருக்கு அந்தப் பொன்னாடையில் பாதி உரியது. கறிவிருந்துக்குக் கடன் மட்டும் வாங்காதீர்கள்.

கொடுப்பாணை வந்ததும் கருவூலத்துக்கு இருவரும் சேர்ந்தே போங்கள். எந்தச் சன்னலில் யாரைப் பார்க்க வேண்டும், ஆண்டு நேர்காணல் எப்படி நடக்கும் என்று உங்கள் துணை நேரில் பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும். முகப்பதிவு மூலம் கைப்பேசியிலும், தபால்காரர் மூலம் வீட்டிலிருந்தும் வாழ்நாள் சான்று கொடுக்கும் வசதி வந்துவிட்டது. ஒருமுறை செய்து பழகிக்கொள்ளுங்கள். கருவூலத்திலிருந்து பேசுகிறோம், ஓய்வூதியம் நின்றுவிடும், எண்ணைச் சொல்லுங்கள் என்று வரும் அழைப்புகளைத் துண்டித்துவிடுங்கள். பணம் போய்விட்டால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 1930-க்குக் கூப்பிடுங்கள்.

எட்டாம் படி: மறுநாள் காலை

கண் மருத்துவர் வெங்கடசாமி 1976-இல் அரசுப் பணியிலிருந்து 58 வயதில் ஓய்வு பெற்றார். முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போனவர். அதே ஆண்டில், மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். எல்லோரும் மருத்துவமனை கட்ட முடியாது. ஆனால் அவர் ஓய்வுக்குப் பிறகு செய்தது, முன்பு செய்த அதே வேலை என்பதைக் கவனியுங்கள். தச்சு தெரிந்தவர் தச்சு வேலையையும், கணக்கு வாத்தியார் கணக்கையும் தொடரலாம். 60 வயதில் புதிதாக விவசாயத்தில் இறங்கி, ஆழ்குழாய்க் கிணறு தோண்டியே பணிக்கொடையைக் கரைத்தவர்களைப் பார்த்து வருந்தியிருக்கிறேன். சொந்த ஊரில் நிலம் இருந்தால், முதல் ஓராண்டு பயிர் செய்கிறவரின் பக்கத்தில் நின்று பாருங்கள்.

காலையில் ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் நடக்கலாம். புது நத்தம் சாலையில் 2023-இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் ஒரு பகல் முழுவதும் படிக்கலாம். பாண்டித்துரைத் தேவர் 1901-இல் நிறுவிய மதுரைத் தமிழ்ச் சங்கம் இருக்கும் ஊர் இது. கேட்பதற்கும் படிப்பதற்கும் இங்கே பஞ்சமில்லை.

பெண்களுக்கு இந்தப் படி வேறு மாதிரி. நான் ஓய்வு பெற்ற மறுநாள் காலை ஐந்தரைக்கு எழுந்து அடுப்பைப் பற்ற வைத்தேன். அலுவலக வேலைதான் நின்றது. இனி நேரம் இருக்கிறதே என்று சூடான தோசையை ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்தார்கள். பெங்களூரிலிருந்து மகள், பேரனைப் பார்த்துக்கொள்ள ஆறு மாதம் வரச் சொன்னாள். இரண்டாவது வாரத்தில் வீட்டுக்காரரை உட்கார வைத்துப் பேசினேன். காலைப் பலகாரமும் பாத்திரமும் அவருக்கு, மதியச் சமையல் எனக்கு, இரவு இருவரும் என்று பிரித்துக்கொண்டோம். மகளிடம் ஆண்டுக்கு இரண்டு முறை, ஒரு முறைக்கு ஐந்து வாரம் என்று சொல்லிவிட்டேன். அவளுக்கு முதலில் மனக்கசப்பு இருந்தது. இதை ஓய்வுக்கு முன்பே பேசியிருக்க வேண்டும். நீங்கள் முன்பே பேசுங்கள்.

ஒன்பதாம் படி: சோதித்துப் பாருங்கள்

ஒரு நீள நோட்டு வாங்குங்கள். முதல் பக்கத்தில் ஓய்வூதியக் கொடுப்பாணை எண், கருவூலம், வங்கிக் கணக்கு எண்கள். அடுத்து வைப்புகள், முதிர்வுத் தேதிகள், காப்பீட்டு எண், உயில் இருக்கும் இடம், பத்திரங்கள் இருக்கும் இடம், யாரிடம் கடன் வாங்கியிருக்கிறோம், யார் நமக்குத் தர வேண்டும். கடவுச்சொற்களை இதில் எழுதாமல் தனித்தாளில் எழுதி, அந்தத் தாள் இருக்கும் இடத்தை வாயால் சொல்லிவிடுங்கள்.

பிறகு ஒருநாள் சாப்பாட்டுக்கு மேல், நான் இல்லை என்று வைத்துக்கொள், குடும்ப ஓய்வூதியத்துக்கு வேண்டிய தாள்களை எடுத்து வை என்று துணையிடம் சொல்லிவிட்டு, வாய் திறக்காமல் உட்கார்ந்திருங்கள். முதல் முறை என் வீட்டுக்காரருக்கு ஒன்றே முக்கால் மணி நேரம் பிடித்தது. அதிலும் கூட்டுப் புகைப்படம் கிடைக்கவில்லை. மறுநாள் அதை எடுத்து நோட்டின் உள்ளட்டையில் ஒட்டினேன். இரண்டாவது முறை 20 நிமிடம். அடுத்த மாதம் அவர் என்னைச் சோதித்தார். அவருடைய அச்சகத்துக் கணக்கும், சீட்டுப் பாக்கியும், அவர் அம்மா பெயரில் சோழவந்தானில் இருக்கும் 30 சென்ட் நிலத்தின் பத்திரமும் எனக்கு அன்றுதான் தெரியவந்தன.